பிசிறு இல்லாத துணி

திருப்பூர்

அன்புள்ள கண்ணு,

வீடு மாறியதில் ஒரு பெட்டி நிறையப் பழைய துணி சேர்ந்துவிட்டது, அதை உன் வளர்ப்பு எலிகள் மிளகுக்கும் சுக்குக்கும் கூண்டில் விரிக்கலாமா என்று போனில் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் உனக்கு பஸ் வந்துவிட்டது. இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை இது. துணியைப் பற்றி நீ என்னிடம் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால் உட்கார்ந்து விவரமாகவே எழுதுகிறேன்.

விரிக்கலாம். ஆனால் பிசிறு பார்த்து விரி.

பனியன் கம்பெனியில் நான் முதலில் பிசிறு வெட்டத்தான் சேர்ந்தேன், செக்கிங்குக்குப் போனதெல்லாம் அப்புறம். அங்கே ஒரு நூல் தொங்கினால் பீஸ் திரும்பி வரும், அவ்வளவுதான் நஷ்டம். கூண்டுக்குள் அதே நூல் எலியின் விரலிலோ கணுக்காலிலோ சுற்றிக்கொண்டால், அது இழுக்க இழுக்க இறுகும். ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிக் கறுத்துவிடும். நீ வேலை முடிந்து வந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு துணியையும் எடுத்து ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டு. வெட்டிய இடத்தை நகத்தால் சுரண்டிப் பார். நூல் நீளமாகக் கழன்று வந்தால் அந்தத் துணி எலியின் காலில் படவே கூடாது.

தறியில் நெய்தது எல்லாமே அப்படித்தான். நீளவாக்கில் பாவு நூலும் குறுக்கே ஊடை நூலும் நேராக ஓடுவதால், எலி கடித்து ஒரு ஓட்டை போட்டால் போதும், நூல் உருவிக்கொண்டு வரும். நான் கொடுத்தனுப்பிய சென்னிமலை பெட்ஷீட், பழைய காட்டன் புடவை எல்லாம் இந்த வகை. புடவையில் ஜரிகைக் கரை இருந்தால் முழுசாக வெட்டி எடுத்துவிடு. குளியல் துண்டில் இன்னொரு தொல்லை, மேலே நிற்கிற சின்னச் சின்ன வளையங்களில் நகம் மாட்டிக்கொள்ளும். ஆனால் இவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஈரத்தைக் குடிக்க இவற்றைவிட நல்லது கிடையாது. அடியில் போட வேண்டியவை இவைதான். (பவானி ஜமக்காளத்தை மட்டும் வெட்டாதே கண்ணு. அது அப்பாயி உனக்கென்று வாங்கியது.)

மேலே விரிக்கப் பின்னல் துணி வேண்டும். உன் பழைய டி-ஷர்ட்கள் அத்தனையும் ஆகும். கண்ணி கண்ணியாகப் பின்னியிருப்பதால் வெட்டின ஓரம் சுருளுமே தவிர, நூல் நீளமாகக் கழலாது. பிரிண்ட் போட்ட இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள், அந்த ரப்பர் மாதிரிப் பூச்சை அவை கடித்துத் தின்னக்கூடாது. பட்டன், ஜிப், இடுப்பு எலாஸ்டிக் எதுவும் உள்ளே போகக்கூடாது. ஸ்வெட் ஷர்ட் என்றால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார். பிரஷ் பண்ணி மெத்தென்று இருந்தால் அந்தப் பக்கமே மேலே இருக்கட்டும். நாங்கள் லூப் நிட் என்று சொல்கிற, வளையம் வளையமாக இருக்கிற ரகம் என்றால் வளையத்தைக் கீழே திருப்பிவிடு.

உன் சோபாவில் கிடக்கிற அந்தச் சாம்பல் நிறப் பிளீஸ் போர்வைதான் எல்லாவற்றிலும் நல்லது. அங்கே எலி வளர்ப்பவர்கள் பிளீஸைத்தான் தேடிப் போகிறார்கள் என்று நீயே சொன்னாய், அதற்குக் காரணம் இருக்கிறது. அது பாலியெஸ்டர். பருத்தி சும்மா காற்றில் கிடந்தாலே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. மூத்திரம் பிளீஸில் தங்காமல் கீழே இறங்கி, அடியில் இருக்கிற துண்டில் சேரும். எலி நிற்கிற இடம் காய்ந்திருக்கும். ஆனால் புதுப் பிளீஸில் தண்ணீர் இறங்காது, முத்து முத்தாக மேலேயே நிற்கும். நல்ல சுடுதண்ணீரில் நாலைந்து தடவை துவைத்த பிறகுதான் இறங்க ஆரம்பிக்கும். துணி மென்மையாக இருக்கட்டும் என்று சாஃப்ட்னர் ஊற்றிவிடாதே. அது நூலின் மேல் வழவழப்பாகப் படிந்து ஈரத்தை இறங்கவிடாது, வாசனையும் அவற்றின் நெஞ்சுக்கு ஆகாது.

தைப்பது இப்படி. அடித்துணியை மூன்று மடிப்பாக மடித்து, மேலே கீழே பிளீஸோ டி-ஷர்ட் துணியோ வைத்துத் தலையணை உறை மாதிரி உள்ளே மூடிவிடு. நெய்த துணியின் ஓரம் எங்கேயும் வெளியே தெரியக்கூடாது. ஓரத்தைச் சுற்றி நூல் வளைத்து அடிக்கிற ஓவர்லாக் தையல் போட்டால் சீக்கிரம் முடியுமே என்று நினைப்பாய், வேண்டாம். அரிசி மூட்டையின் தையலில் ஒரு நூலை இழுத்தால் வாய் முழுக்கத் திறந்துகொள்வது போல, ஓவர்லாக்கும் கடித்த இடத்திலிருந்து கழன்று வரக்கூடும். சாதா மிஷினில் பொடித் தையலாக உள்பக்கம் அடித்துத் திருப்பிப் போடு. கூண்டுத் தட்டை விட இரண்டு விரற்கடை பெரிதாக இருந்தால் தட்டுக்கே சட்டை மாதிரி மாட்டிவிடலாம். இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் மூலையைத் தூக்கி அடியில் புகுந்து படுத்துக்கொள்ளும்.

கம்பித் தட்டு இருந்தால் அதை முதலில் மூடு. கம்பியிலேயே நடந்தால் உள்ளங்கால் புண்ணாகலாம்.

நிறம் வெளிறியதாக இருக்கட்டும். அழுக்கு தெரியாத கறுப்பு, நீலம் என்று தேடாதே. உடம்பு சரியில்லாத எலியின் கண்ணிலும் மூக்கிலும் சிவப்பாக நீர் வரும், பார்த்தால் ரத்தம் போலவே இருக்கும். மூத்திரத்தில் ரத்தம் போனாலும் வெளிறிய துணிதான் உனக்குச் சொல்லும். வாய் பேசாத ஜீவன், அதன் துணிதான் உனக்குத் தகவல்.

துவைக்கிற விஷயத்தில் மட்டும் சோம்பல் படாதே. மூத்திரம் ஊறிக் கிடக்கக் கிடக்க அம்மோனியா கிளம்பும். வீட்டில் வளர்க்கிற எலிகளில் பெரும்பாலானவற்றின் நுரையீரலில் மைக்கோபிளாஸ்மா என்கிற கிருமி ஏற்கெனவே இருக்கும். அம்மோனியா அதைக் கிளப்பிவிடும், தும்மலும் இழுப்பும் அப்படித்தான் ஆரம்பிக்கும். உன் மூக்குக்கு வாடை எட்டும் நேரத்தில், அதிலேயே படுத்திருக்கிற அவற்றுக்கு நேரம் கடந்திருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்று. புழுக்கையை உதறிவிட்டு, வினிகர் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, அலசி, வாசனை இல்லாத சோப்பில் 60 டிகிரியில் தனியாகப் போடு. உங்கள் துணியோடு சேர்க்காதே. எலிக்காய்ச்சல் மூத்திரத்தில்தான் பரவும், கையையும் சோப்புப் போட்டுக் கழுவு. பிளீச்சைத் தொடவே தொடாதே. அது மூத்திரத்தோடு சேர்ந்தாலும் வினிகரோடு சேர்ந்தாலும் விஷவாயு வரும்.

எல்லாத் துணியையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். தங்கள் வாசனை மொத்தமாகப் போய்விட்டால் பதறிப்போய் எல்லா இடத்திலும் மறுபடி மூத்திரச் சொட்டு வைத்து வரும். தூங்குகிற ஊஞ்சலை இந்த முறை விட்டுவை, அடுத்த முறை துவை.

ராணி விக்டோரியா காலத்தில் எலி பிடித்த ஜாக் பிளாக், பிடித்ததில் நிறம் மாறிப் பிறந்தவற்றை வளர்த்து விற்றார் என்றும், 1901-லேயே இங்கிலாந்தின் அய்ல்ஸ்பரியில் எலிகளைக் கண்காட்சிக்கு வைத்தார்கள் என்றும் நீ சொன்னாயே, அத்தனை தலைமுறை மனிதரோடு இருந்தும் கூடு கட்டுகிற புத்தி அவற்றுக்குப் போகவில்லை. டி-ஷர்ட் மிச்சத்தை உள்ளங்கை அகலத் துண்டுகளாக வெட்டிப் போடு, இழுத்துக்கொண்டு போய் அவையே கட்டிக்கொள்ளும். நாடா போல் ஒடுக்கமாக வெட்டாதே, கழுத்தில் சுற்றும். தோண்டவும் அவற்றுக்கு வேண்டும், அது துணியில் நடக்காது. ஒரு டப்பாவில் காகிதத் துகள் போட்டு வை. பைன், தேவதாரு மரத்தூள் வேண்டாம், அந்த எண்ணெய் வாடை நெஞ்சுக்கு ஆகாது.

கூண்டுத் தட்டுகளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து அனுப்பு. தெரிந்த கம்பெனியில் வெளிர் நிறத்தில் இன்டர்லாக் என்கிற இரட்டைப் பின்னல் கட்டிங் துணி எடுத்து வைத்திருக்கிறேன். பெரியப்பா பையன் அடுத்த மாதம் அங்கே வருகிறான், தைத்து அவனிடம் கொடுத்துவிடுகிறேன். மிளகு தும்முகிறது என்றாயே, துணி மாற்றியும் நிற்காவிட்டால் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டு. செலவு அதிகமானால் என்னிடம் சொல்.

அன்புடன்,
அம்மா