இசை வகுப்பு கணக்குக்குப் போடும் உரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளியில் இசை, தலைமைப் பண்பு, மொழி, செயல்திட்டம் என்று சென்ற இதழின் கல்வி இணைப்பில் நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். படங்கள் அழகு. பல வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே, தடித்த எழுத்தில், "இசை வகுப்பு என்பது குழந்தையின் கணக்குக்குப் போடும் உரம்" என்று இருந்தது. மொசார்ட் இசையைக் கேட்டால் மூளை வளரும் என்று விஞ்ஞானமே நிரூபித்துவிட்டதாம்.

1993இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வைத்தான் உங்கள் கட்டுரையாளர் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அந்த ஆய்வில் குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. 36 கல்லூரி மாணவர்கள் மொசார்ட்டின் சொனாட்டா ஒன்றை 10 நிமிடம் கேட்டார்கள். மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகளில் கொஞ்சம் கூடுதலாக வாங்கினார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலனும் போய்விட்டது. அவ்வளவுதான், கணக்கு என்ற பேச்சே அதில் இல்லை. இதை நம்பி 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் அரசு செலவில் இசைத்தட்டு கொடுக்கக் கிளம்பினார். ஆளுநர்களுக்கு ஆயிரம் வேலை, விட்டுவிடலாம். உங்களுக்குமா தெரியாது?

குழந்தைகளை வைத்தே செய்த ஆய்வு வேண்டுமென்றால் கனடாவில் ஷெல்லன்பெர்க் என்ற உளவியலாளர் செய்தது இருக்கிறது. 2004இல் வெளிவந்தது. 6 வயதுப் பிள்ளைகள் 144 பேர். கீபோர்டும் பாட்டும் கற்றவர்களுக்கு மற்றவர்களைவிட நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) சுமார் 3 புள்ளி அதிகம் ஏறியது. நாடகம் கற்றவர்கள் பிறரோடு பழகுவதில் தேறினார்கள். நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த 3 புள்ளிக்காகவா ஒரு பிள்ளை பாட வேண்டும்? "உங்கள் பாட்டு வகுப்புக்கு உதவும் என்றுதான் நான் பின்னம் நடத்துகிறேன்" என்று இதுவரை எந்தக் கணக்கு ஆசிரியரும் என்னிடம் சொன்னதில்லை.

சொல்ல மாட்டார்கள். அவர்கள் என்னிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "டீச்சர், போர்ஷன் முடியல, இன்னிக்கு உங்க பீரியட் எனக்கு வேணும்." பரீட்சை நெருங்கினால் கால அட்டவணையில் முதலில் காணாமல் போவது இசை. கீபோர்டு அலமாரிக்குள் போய்விடும், சாவி அலுவலக அறைக்குப் போய்விடும். ஆண்டு விழா அறிவித்த மறுநாள் மட்டும் என் ஞாபகம் எல்லோருக்கும் ஒன்றாக வரும். அப்புறம் வாரக்கணக்கில் அதே வரவேற்புப் பாட்டுதான். சுருதி சேராத பிள்ளையை, வாயை மட்டும் அசைக்கச் சொல்லிப் பின் வரிசையில் நிறுத்தும்படி எனக்கே உத்தரவு வந்திருக்கிறது. ஹங்கேரியில் கோடாய் என்ற இசைமேதை வகுத்த முறையில் 1950இல் கெச்கெமேட் நகரில் ஒரு தொடக்கப் பள்ளி ஆரம்பித்தார்கள். அங்கே பாட்டு தினசரிப் பாடம். இதையெல்லாம் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தலைமைப் பண்புக்கு நீங்கள் போட்ட படம், சட்டையில் பேட்ஜ் குத்திய சிறுமி. எனக்குத் தெரிந்த வகுப்புத் தலைவர்களின் முழுநேர வேலை, ஆசிரியர் இல்லாதபோது பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது. சில இடங்களில் வீட்டு மொழியில் பேசியவர்களின் பெயரையும் சேர்த்து எழுதுவது. ஏழு வயதில் கற்றுக்கொள்ளும் தலைமை இது! மொழி பற்றிய பக்கத்தில் "மொழி ஆளுமை" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

செயல்திட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் இந்த முறையைப் பற்றி எழுதியபோது, எதற்கு என்று முடிவெடுப்பது, திட்டமிடுவது, செய்வது, சரியாக வந்ததா என்று பார்ப்பது ஆகிய நான்கும் பிள்ளையின் வேலை என்றார். இப்போது நான்கும் அம்மாவின் வேலை. இரவு பதினொரு மணிக்கு அட்டை, பசை, தெர்மாகோல் சகிதம் அம்மா உட்கார்ந்திருப்பார், பிள்ளை தூங்கிவிடும்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காலி கண்ணாடி பாட்டில்களைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றி ச-ரி-க-ம கொண்டுவாருங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் சண்டை. "தண்ணி ஊத்த ஊத்த சத்தம் கீழ போகுது டீச்சர்" என்றான் ஒருவன். "பொய் சொல்றான், மேலதான் போகுது" என்றான் இன்னொருவன். வகுப்பே இரண்டு கட்சியானது. நான் வாய் திறக்கவில்லை. பேட்ஜெல்லாம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு பெண், எப்போதும் சன்னல் ஓரம் உட்கார்கிறவள், இருவரையும் மறுபடி செய்யச் சொன்னாள். ஒருவன் கரண்டியால் பாட்டிலைத் தட்டினான், மற்றவன் வாயை வைத்து ஊதினான். "ரெண்டு பேரும் வேற வேற பண்றீங்கடா" என்றாள். அவ்வளவுதான், கட்சி கலைந்தது. தட்டினால் அதிர்வது கண்ணாடியும் தண்ணீரும். தண்ணீர் கூடக் கூடக் கனம் கூடி, அதிர்வு மந்தமாகிறது. ஊதினால் அதிர்வது மேலே இருக்கும் காற்று. தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறைந்து சுரம் உயர்கிறது. விளக்கம் நான் பிறகு சொன்னதுதான். ஆனால் கேள்வியை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். சன்னலோரப் பெண்தான் கடைசிவரை "இப்ப நீ தட்டு, நீ சும்மா இரு" என்று வகுப்பை நடத்தினாள்.

மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன சத்தம் இது? தரையெல்லாம் தண்ணி" என்றார். அந்த வருடக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது சோடா உப்பில் வினிகர் ஊற்றினால் பொங்கும் எரிமலை. அதைச் செய்தவர் பரிசு வாங்க வந்திருந்தார். மாணவனின் அப்பா.

மொழிக்கும் தனியாக ஒரு பக்கம் எதற்கு? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. தொல்காப்பியமே கண்ணிமைப்பையும் கைநொடியையும் வைத்துத்தான் மாத்திரையை அளக்கிறது. 'கால்' என்று சொல்லி 'கல்' என்று எழுதிக்கொண்டிருந்த ஒரு பையனை, நெடில் வரும் இடத்திலெல்லாம் இரண்டு தட்டு தட்டிப் பாட வைத்தேன். சில வாரத்தில் எழுதும்போதே இடது கை மேசையைத் தட்ட ஆரம்பித்தது, துணைக்காலும் வந்து சேர்ந்தது. நீங்கள் நான்கு பக்கமாகப் பிரித்துப் போட்டதெல்லாம் ஒரே வகுப்பில், ஒரே மணிக்குள் நடப்பவை. உங்கள் நிருபர் ஏதாவது ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்தாரா, அல்லது பள்ளி கொடுத்த விளம்பரத் தாளைப் பார்த்தாரா என்று கேட்க மாட்டேன். மரியாதை கருதித்தான்.

முன்பும் இதே விஷயமாக இரண்டு பக்கம் எழுதினேன். "உங்கள் கல்வி இணைப்பு அருமை" என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்துப் பெருமைப்படுத்தினீர்கள். இந்த முறை அப்படி எந்த வரியும் எழுதவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 1993 ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தது என்று அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். பள்ளிகளின் வசதிகளை நீங்கள் வெளியிடும் அட்டவணையில் "இசை: உண்டு / இல்லை" என்று இருக்கிறதே, அங்கே வாரத்துக்கு எத்தனை பீரியட், அதில் எத்தனை உண்மையில் நடக்கிறது என்று இன்னும் இரண்டு கட்டம் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி இசை ஆசிரியை ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம், இருக்கிற பீரியடும் போய்விடும்)