அந்த ஏணியில் ஒரு சிராய்

மதுரை
நவம்பர் 14

அன்புள்ள கதிருக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்கு மழையினால் கால்வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

போன வாரம் போனில் பேசும்போது, எடின்பரோவில் உன் ஆபீஸில் எல்லோரும் போரில் இறந்தவர்கள் நினைவாகக் கோட்டில் சிவப்பு பாப்பிப் பூ குத்தியிருக்கிறார்கள் என்றாய். காகிதப் பூ, நான்கு இதழ், இலை கிடையாது, நீயும் உண்டியலில் காசு போட்டு ஒன்று எடுத்துக்கொண்டதாகச் சொன்னாய். அன்றிலிருந்து உனக்கு இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். 'பிளாக்காடர்' என்ற அந்த பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரை நீ லீவில் வந்தபோது லேப்டாப்பில் போட்டுக் காட்டினாயே, கடைசி எபிசோட் பாதியில் இருக்கும்போது விருந்தாளி வந்து நிறுத்திவிட்டோம். நீ ஊருக்குப் போன பிறகு அதை சப்டைட்டிலோடு முழுதாகப் பார்த்தேன். அதற்கப்புறம் மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

1989 நவம்பர் 2ஆம் தேதி பிபிசியில் வந்த எபிசோட் அது. கதை நடப்பது முதல் உலகப் போரில், 1917இல், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஒரு பதுங்குகுழிக்குள். விடிந்தால் எல்லோரும் மேலே ஏறி எதிரியின் துப்பாக்கி முன்னால் ஓட வேண்டும். பைத்தியம் பிடித்ததுபோல் நடித்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கேப்டன் பிளாக்காடர் தலையில் ஜட்டியை மாட்டிக்கொண்டு, மூக்கில் இரண்டு பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதுவரைக்கும் நீயும் பார்த்தாய், விழுந்து விழுந்து சிரித்தாய்.

எனக்கு அந்த எபிசோட் முழுக்க பால்ட்ரிக்தான். எழுதப் படிக்கத் தெரியாதவன்போல் எல்லோரிடமும் திட்டு வாங்குகிற அந்தச் சிப்பாய், இந்தப் போர் எப்படி ஆரம்பித்தது என்று கேட்பான். ஆர்ச்சி டியூக் என்று யாரோ பசி தாங்காமல் ஒரு நெருப்புக்கோழியைச் சுட்டுவிட்டானாமே என்பான். ஆஸ்திரியா-ஹங்கேரி இளவரசர் சுடப்பட்ட செய்தி அவன் காதில் அப்படி விழுந்திருக்கிறது: 'ஆர்ச்டியூக்' என்ற அவர் பட்டம் ஆர்ச்சி டியூக் ஆகிவிட்டது, ஆஸ்திரியா 'ஆஸ்ட்ரிச்', அதாவது நெருப்புக்கோழி ஆகிவிட்டது. பிளாக்காடர் அவனுக்கு விளக்குவான்: போரே வரக்கூடாது என்றுதான் நாடுகள் இரண்டு பெரிய அணிகளாகச் சேர்ந்தன, அந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை, அது உருப்படாத ஏற்பாடு.

கதிர், நான் இருபத்தெட்டு வருஷம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு இதையேதான் நடத்தினேன். ராணுவக் கூட்டணிகள், காலனி ஆசை, தேசிய வெறி, உடனடிக் காரணம் சரஜேவோவில் அந்த இளவரசர் கொலை. ஐந்து மார்க். 1914 செப்டம்பர் 22இல் ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்ட கதையைச் சொன்னால் மட்டும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து பால்ட்ரிக் இன்னொன்று கேட்பான். ஏன் சார், போதும், எல்லாரும் வீட்டுக்குப் போவோம் என்று நிறுத்திவிட்டால் என்ன? லெப்டினன்ட் ஜார்ஜ், பாவம், நல்ல பையன், அதெல்லாம் நடக்காது என்பான். ஏன் நடக்காது? நடக்காது, ஏனென்றால்... என்று இழுப்பான், பதில் வராது. கடைசியில், பேசாமல் பூட்ஸுக்கு பாலிஷ் போடு என்று அதட்டிவிடுவான்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். அப்பா லாரி டிரைவர். அவன் ஒருநாள் எழுந்து, "டீச்சர், ரெண்டு பக்கமும் நிறுத்தியிருக்கலாம்ல?" என்று கேட்டான். நான், "உட்காரு, அது பரீட்சைக்கு வராது" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை. பாடத்தில் ஆகப் பெரிய கேள்வி அதுதான், அதைக் கேட்டவனை உட்கார வைத்துவிட்டேன்.

டார்லிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமையகத்தில் மேஜைக்குப் பின்னால் பத்திரமாக இருந்துகொண்டு, பிளாக்காடரை மாட்டிவிடவே காத்திருக்கிற கேப்டன். அவன் பெயரைச் சொல்லியே தொடர் முழுக்கச் சிரிக்க வைத்தார்கள். கடைசியில் ஜெனரல் மெல்செட் ஏதோ பெரிய உபகாரம் செய்வதுபோல் அவனையும் போர்முனைக்கு அனுப்புவார். அவன் கெஞ்சுவான், வழியனுப்பு விழாவுக்குக் கூச்சப்படுகிறான் என்று இவர் நினைத்துக்கொள்வார். பதுங்குகுழிக்கு வந்து, போர் முடிந்ததும் பழைய கம்பெனிக்கே வேலைக்குப் போய், கிராய்டனில் விக்கெட் கீப்பராக விளையாடி, டோரிஸைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருந்தேன் என்பான். அவ்வளவுதான் அவன் ஆசை. அவன் வாசலில் வந்து நின்றதும் பிளாக்காடர் முகத்திலிருந்த குத்தல் போய்விடும், கவனித்துப் பார்.

பீரங்கிச் சத்தம் நின்றதும், பிழைத்துவிட்டோம், 1914இலிருந்து 1917 வரை நடந்த பெரும்போர் முடிந்தது என்று டார்லிங் சந்தோஷப்படுவான். நாம் கிளம்பப் போகிறோம், அதனால்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பிளாக்காடர் மெதுவாகச் சொல்வான். எல்லோரும் ஏணிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அப்போது பால்ட்ரிக் சொல்வான்: சார், அந்த ஏணியில் ஒரு மோசமான சிராய் இருக்கிறது, யாருக்காவது குத்திவிடப் போகிறது.

இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நீ முதன்முதலாக ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று கட்டிலைத் தடவிப் பார்த்து, ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது, பார்த்துப் படு என்று சொன்னேன். வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

ஏறி ஓடுகிற காட்சி எடுத்தபோது சரியாக வரவில்லையாம். செட் போட்டது அப்பட்டமாகத் தெரிந்தது. எடிட்டிங்கில் அதை வேகம் குறைத்து ஓடவிட்டு, வெற்று நிலத்தில் கரைத்து, அதன் மேல் பாப்பிப் பூக்கள் நிறைந்த வயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பறவைச் சத்தம் மட்டும் கேட்கும்.

நீ மீதியைப் பார்த்துவிடு. தனியாகப் பார்க்காதே, யாரையாவது கூட வைத்துக்கொள். பார்த்துவிட்டு எந்த நேரமானாலும் போன் பண்ணு, நான் முழித்துத்தான் இருப்பேன். ஜனவரியில் வரும்போது அந்தக் காகிதப் பூவை எறிந்துவிடாமல் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா