‘ஹொல்’ யாரிடம் சொல்லலாம்?

ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இளைஞர் பகுதியில் வந்த கொரிய வியப்புச் சொற்களின் பட்டியலைப் பார்த்தோம். பிள்ளைகள் ஆசையாய்க் கத்தரித்து வைத்துக்கொள்ளும் பட்டியல் அது. அதனாலேயே பிழைகளைச் சொல்லியாக வேண்டும். ‘ஹியோல்’, ‘தேபக்’, ‘ஜின்ஜா’ மூன்றுக்கும் எதிரே ‘அடேங்கப்பா’ என்று போட்டிருக்கிறது. மூன்றும் ஒன்றல்ல; உச்சரிப்பும் சரியில்லை.

‘ஹியோல்’ என்று கொரியர் யாரும் சொல்வதில்லை. ஆங்கில எழுத்தில் ஈ, ஓ என இரண்டைச் சேர்த்துக் காட்டுவது அவர்களுடைய ஒரே ஓர் உயிரொலியை. உதட்டைக் குவிக்காமல் ‘ஒ’ சொல்லிப் பாருங்கள், அது வந்துவிடும். ஆகவே ‘ஹொல்’. தலைநகரின் பெயர் நம்மிடம் ‘சியோல்’ ஆனதும் இந்தக் குழப்பத்தால்தான்; அவர்கள் வாயில் அது ‘சொஉல்’. ‘ஜின்ஜா’வின் பின்பாதி, ‘பச்சை’யில் வருகிற அழுத்தமான ச்ச: ‘ஜின்ச்சா’. ‘தேபக்’ அல்ல, ‘தெபக்’; அதன் கடைசி க் தொண்டையிலேயே நின்றுவிட வேண்டும், காற்று வெளியே வரக் கூடாது. நம்மவர்கள் பழக்கத்தில் ‘தெபக்கு’ என்று உகரம் சேர்த்துவிடுகிறார்கள். கொரியர் காதில் அது வேறு சொல்லாக விழும்.

இனிப் பொருள். ‘ஹொல்’ வாயடைத்துப்போவது. கைப்பேசி தண்ணீரில் விழுந்துவிட்டது என்று தோழி சொன்னால் ‘ஹொல்’. வேலை கிடைத்துவிட்டது என்றால் ‘தெபக்’. அப்பா மருத்துவமனையில் இருக்கிறார் என்றால் இரண்டுமே வேண்டாம். ‘ஒத்தொக்கேயோ’ என்று சொல்ல வேண்டும். ‘அடடா, என்ன செய்வது’ என்ற பரிவு அதில்தான் இருக்கிறது. ‘ஜின்ச்சா?’ என்பது ‘நிஜமாவா?’. பின்னால் வந்து யாராவது தோளைத் தட்டினால் தன்னையறியாமல் வருவது ‘க்கம்ச்சகியா!’. அதைப் பிறகு மரியாதையாகச் சொல்லும்போது ‘க்கம்ச்சங் நொல்லஸ்ஸொயோ’, அதாவது ‘திடுக்கிட்டுப் போனேன்’. ‘க்கம்ச்சக்’கின் க், அடுத்து வரும் நகரத்தால் ங் ஆகிறது, பௌத்த அறிஞர் திக்நாகரின் பெயர் நம்மிடம் திங்நாகர் ஆனதைப் போல.

பட்டியலில் அறவே விடுபட்டது, யாரிடம் சொல்லலாம் என்பது. ‘ஹொல்’லுக்கு மரியாதை வடிவமே கிடையாது. ஒத்த வயது நண்பர்களோடு நின்றுவிட வேண்டிய சொல். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் கொரிய மேலாளரோடு வேலை பார்ப்பவர் அதைச் சொன்னால், மேலதிகாரியைப் பார்த்து ‘ஐயய்ய, போடா’ என்றது போல இருக்கும். ‘ஜின்ச்சா’வோடு ‘யோ’ சேர்த்தால் ‘ஜின்ச்சாயோ?’, மரியாதை வந்துவிடும். ‘ஆ, குரேயோ?’ (‘ஓ, அப்படிங்களா?’) இன்னும் பத்திரம், ஏனென்றால் அதில் சந்தேகத் தொனி இல்லை. சொன்னது நம்ப முடியாததாக இருந்தால் குரலை உயர்த்தி ‘நே?’ என்று கேட்கலாம். ‘ம்வொ?’ என்று கேட்டுவிடக் கூடாது, அது ‘என்னடா?’.

‘மல்தோ அன் த்வே’ என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பேச்சாகக்கூட ஆகாது’. நண்பனிடம் ‘அதெப்படிடா!’ என்ற வியப்பு. பெரியவரிடமோ ‘நீங்கள் சொல்வது அபத்தம்’ என்ற குற்றச்சாட்டு. ‘யோ’ சேர்த்தாலும் அந்த முள் முழுதாக மழுங்காது. ‘மிச்சொத்தா’வும் அப்படித்தான். ‘பைத்தியம் பிடித்துவிட்டது’ என்று பொருள். சாப்பாட்டைப் பார்த்துச் சொன்னால் உச்சப் பாராட்டு, ஆளைப் பார்த்து ‘மிச்சொஸ்ஸொ?’ என்றால் சண்டை.

‘தெபக்’குக்கு மட்டும் தனி அந்தஸ்து உண்டு. அது ‘பெரும் அதிர்ஷ்டம், பெருவெற்றி’ என்று பொருள்படும் பெயர்ச்சொல். 2014 ஜனவரியில் அன்றைய தென்கொரிய அதிபர் பார்க் கியூன் ஹை, இரு கொரியாக்களின் இணைப்பே ஒரு ‘தெபக்’ என்று செய்தியாளர்கள் முன் சொன்னார். 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் அது இடம்பிடித்தது. ‘ஹொல்’லை எந்த அதிபரும் மேடையில் சொல்ல மாட்டார்.

‘ஐகோ’வை ‘ஐயோ’ என்றே மொழிபெயர்த்திருப்பதும் பாதிதான் சரி. நல்ல காரியத்தின்போது ‘ஐயோ’ சொன்னால் நம் வீட்டில் அதட்டுவார்கள். கொரியப் பாட்டியோ முட்டியைப் பிடித்துக்கொண்டு எழும்போதும் ‘ஐகோ’ என்பார், பேத்தியைக் கொஞ்சும்போதும் ‘ஐகோ, யெப்பொரா’ (‘அடடா, என்ன அழகு’) என்பார்.

திருத்திய பட்டியலை வெளியிட முடிந்தால், சொல்லுக்குப் பக்கத்தில் ‘யோ’ சேர்ந்த வடிவத்தையும், அப்படி ஒரு வடிவம் இல்லாத சொல்லுக்கு ‘நண்பர்களிடம் மட்டும்’ என்ற குறிப்பையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொரிய மொழிப் பயிற்றுநர்கள் சிலர்,
சென்னை.