அடையாள அட்டை நகலுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். தரவுக் கசிவு நேர்ந்தால் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவோருக்கான அபராத வரம்பும் 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. வரவேற்கிறேன். ஆனால் எங்கள் தோட்டப்புறப் பட்டணத்தில் தகவல்கள் கணினியைவிடப் போட்டோஸ்டேட் தாள் வழியாகவே அதிகம் கசிகின்றன. அண்மையில் ஒரு கைப்பேசிக் கடையில் எழுதித் தந்த ரசீதைத் திருப்பினேன். மறுபக்கம் யாரோ ஒரு மூதாட்டியின் அடையாள அட்டை நகல்: முகம், எண், தோட்டத்து முகவரி, எல்லாம் பளிச்சென்று. தாளை வீணாக்கக் கூடாதாம்!

அந்த 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் காட்டும். கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம்; பிறந்த தேதியை எங்கே போய் மாற்றுவது? காவல் துறையிலிருந்து பேசுவதாக மிரட்டும் மோசடிக்காரன் இந்த எண்ணைப் பிசகாமல் ஒப்பித்தால் வயதானவர்கள் நம்பிவிடுகிறார்கள். எனவே, கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போதே, வாங்கிய நகல்களை எங்கே வைக்கிறார்கள், எப்போது அழிக்கிறார்கள் என்று நகராண்மைக் கழகம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். நகல் கொடுப்பவர்களும் அது எந்தக் காரியத்துக்கு என்பதைக் குறுக்கே எழுதிக் கொடுப்பது நல்லது.

தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்