வேப்பங்கன்றுகளைக் கொன்றது வெயில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலையோரம் போன வருடம் 5 வேப்பங்கன்றுகள் நட்டோம். மூன்று காய்ந்துவிட்டன. வெயில் அதிகம், தண்ணீர் போதவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். நான் குனிந்து அடித்தண்டைப் பார்த்தேன். தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் சுற்றிலும் பட்டை உரிந்து கிடக்கிறது. புல்வெட்டும் மிஷினின் நைலான் கயிறு செய்த வேலை.

26 வருடம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பால் எடுத்தவன் நான். உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த என் அம்மா, "பட்டையைச் சீவு, கட்டையைத் தொடாதே" என்பார். இரண்டுக்கும் நடுவில் மிக மெல்லிய ஓர் அடுக்கு உண்டு. பாடப்புத்தகத்தில் கேம்பியம் என்று இருக்கும். வெளியே புதுப் பட்டையையும் உள்ளே புதுக் கட்டையையும் உண்டாக்குவது அதுதான். அதற்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் முன்பே உளியை நிறுத்தினால் பட்டை மறுபடி வளரும், சில வருடம் கழித்து அதே இடத்தில் சீவலாம். ஆழமாகப் பட்டுவிட்டால் அப்புறம் முண்டும் முடிச்சும்தான்.

இருட்டோடு நாங்கள் சீவப் போனதற்கும் காரணம் உண்டு. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் மரத்துக்குள் தண்ணீர் நிறைந்து பட்டை விம்மி நிற்கும். அப்போது சீவினால் பால் பிடிக்கும் மங்கு நிறையும். வெயில் ஏறி, இலை வழியே தண்ணீர் போகப் போகப் பால் குறைந்துவிடும். பால்மரமே தண்ணீரை இப்படிப் பார்த்துச் செலவழிக்கிறது என்றால், வறண்ட சீமையில் வளரும் வேம்பு நம் ஊர் வெயிலுக்கா சாகும்?

இலை செய்த சர்க்கரையை வேருக்கு இறக்குவது பட்டையின் உட்பகுதி, புளோயம். அது சுற்றிலும் அறுந்தால் வேர் பட்டினி கிடக்கும். தண்ணீர் ஏறும் சைலம் கட்டைக்குள் இருப்பதால் இலை மட்டும் கொஞ்ச நாள் பச்சையாகவே நிற்கும். அதனால்தான் மிஷின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

புல்வெட்டும் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பழகியவர்கள். செம்பனைக்குக் கேம்பியம் கிடையாது, குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறி இருக்கும். அடியில் மேலாகக் கீறல் பட்டாலும் தாங்கும். வேம்பு தாங்காது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மிச்சமுள்ள இரண்டில் ஒன்றுக்குப் பாதிப் பட்டை போய்விட்டது. ஆள் அனுப்புகிறவர்கள் கன்றைச் சுற்றி ஒரு முழம் விட்டு வெட்டச் சொன்னால் போதும். அந்தப் புல்லை நாங்களே கையால் பிடுங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் பால்மரத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்