‘டூ’ என்றால் என்ன சார்? ஆங்கில ஆசிரியர்களுக்கும் பாடநூல் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், ஆங்கிலப் பாடநூல் எழுதும் குழுவினருக்கும்,

வணக்கம். மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ‘டூ’ என்ற வினைச்சொல்லை நாம் நடத்துகிற விதம் சரியில்லை.

சின்ன வகுப்பிலேயே ‘டூ என்றால் செய்’ என்று எழுதிப்போட்டுவிடுகிறோம். கொஞ்ச நாளில் ‘டூ யூ லைக் மேங்கோஸ்?’ வந்து நிற்கிறது. இதில் யார், எதைச் செய்கிறார்கள்? கேட்கிற பிள்ளைக்குக் கிடைக்கும் பதில், ‘அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ.’ நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு ‘டூ’ தெரியும், சண்டை வந்தால் விடுவது. அதற்காவது தெளிவான அர்த்தம் இருக்கிறது.

மனப்பாடம் செய்ததன் பலனை விடைத்தாளில் நீங்களே பார்க்கிறீர்கள். ‘டஸ் ஹி கோஸ் டு ஸ்கூல்?’, ‘டிட் யூ வென்ட்?’, ‘ஐ டிடின்ட் சா ஹிம்.’ சிவப்பு மையில் ஒரு வட்டம், அரை மதிப்பெண் குறைவு. அடுத்த தேர்விலும் அதே தப்பு, அதே வட்டம்.

கேள்வியிலும் மறுப்பிலும் வரும் அந்த ‘டூ’வுக்கு அர்த்தமே கிடையாது. அதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். ஏன் கிடையாது என்பதற்கு ஆயிரம் வருடக் கதை ஒன்று இருக்கிறது. அதில் பாதி நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வழியாகவே புரியக்கூடியது. அதை ஒரு வகுப்பிலாவது சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் இந்தச் சொல்லின் பிறப்பு. ‘டூ’வின் மிகப் பழைய பொருள் செய்வது அல்ல, வைப்பது, போடுவது. உடுப்பு அணிவதற்கு ஆங்கிலத்தில் ‘டான்’ என்று ஒரு வினை உண்டு. அது ‘டூ ஆன்’ இரண்டும் ஒட்டிப்போனது. தொப்பியைக் கழற்றும் ‘டாஃப்’ என்பது ‘டூ ஆஃப்’. சட்டையை மாட்டுவதை நாமும் ‘போடு’ என்றுதானே சொல்கிறோம்? சமஸ்கிருதத்தில் வைத்தல் என்ற பொருளுள்ள ‘தா’ என்ற வேரும் இந்த ‘டூ’வும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து உறவினர்கள். அந்த வேரிலிருந்து வந்து தமிழில் தங்கிவிட்ட சொற்களில் ஒன்று ‘விதி’. ஆக, ‘டூ’வைப் பற்றி நாம் மனப்பாடம் செய்யச் சொல்லும் இலக்கண விதியே ‘டூ’வுக்குத் தூரத்துச் சொந்தம்!

அப்புறம்தான் கதை சூடு பிடிக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘டூ’வுக்கு இன்னொரு வேலை இருந்தது, பிறரைச் செய்ய வைப்பது. நம் இலக்கணத்தில் பிறவினை என்கிறோமே, அதுதான். அரசன் கோட்டையை ‘டிட் பில்ட்’ என்று ஒருவர் எழுதினால், அரசன் கோட்டையைக் கட்டச் செய்தான் என்று பொருள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்கிறான். ‘எடுத்த’ இல்லை, ‘எடுப்பிச்ச’. கல் சுமந்தவன் தான் அல்ல என்பது வினைச்சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் இன்று நாம் எப்படிச் சொல்கிறோம்? ‘ராஜராஜன் கோயில் கட்டினான்.’ அவன் சாந்து குழைத்தான் என்று யாரும் எண்ணுவதில்லை. கட்டினான் என்றாலும் கட்டுவித்தான் என்றாலும் அங்கே விஷயம் ஒன்றுதான்.

அதே வழுக்கல்தான் ஆங்கிலத்திலும் நடந்தது என்பது ஒரு முக்கியமான கருத்து. அரசன் ‘பில்ட்’ செய்தான் என்றாலும், ‘டிட் பில்ட்’ என்றாலும் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாத இடங்களில் ‘டிட்’ மெல்ல வெறும் ஓசையாகிவிட்டது. இந்த வெற்று ‘டூ’ 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிச் செய்யுள்களில் தலைகாட்டுகிறது. புலவர்களுக்கு அது வசதி. ‘டிட்’டை முன்னால் போட்டுவிட்டால் முக்கிய வினையை அடியின் கடைசிக்குத் தள்ளி இயைபு சேர்த்துவிடலாம். நம் செய்யுளில் ‘அரோ’, ‘மாதோ’ வந்து இடம் நிரப்புவதில்லையா? அதை அசைநிலை என்கிறோம். ‘டூ’வும் அங்கே அசைநிலை போலத்தான் இருந்தது. (வேல்ஸ், கார்ன்வால் பகுதிகளின் கெல்டிக் மொழிகளிலும் ‘செய்’ என்ற வினை இப்படித் துணையாக வரும். அங்கிருந்துதான் ஆங்கிலத்துக்கு வந்தது என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.)

1500களில் இந்த வெற்று ‘டூ’ எல்லா இடத்திலும் புகுந்து விளையாடுகிறது. ‘டூ’ போட்டும் கேள்வி கேட்கலாம், போடாமலும் கேட்கலாம். ‘ஐ நோ நாட்’ என்றாலும் தெரியாது, ‘ஐ டூ நாட் நோ’ என்றாலும் தெரியாது. சாதாரணமாக ‘நான் போனேன்’ என்பதற்குக் கூட ‘ஐ டிட் கோ’ என்று எழுதினார்கள், எந்த அழுத்தமும் இல்லாமல்.

இந்தக் குழப்பம் முழுவதையும் பார்க்க இரண்டே வரி போதும். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம், 1606 வாக்கில் எழுதியது. ராத்திரி அரசனைக் கொன்றுவிட்டு மக்பெத் நிற்கிறான். விடிந்ததும் ஒன்றும் தெரியாத லெனாக்ஸ் கேட்கிறான்: ‘கோஸ் த கிங் ஹென்ஸ் டுடே?’ அரசர் இன்றைக்குக் கிளம்புகிறாரா என்று கேள்வி. மக்பெத்தின் பதில்: ‘ஹி டஸ், ஹி டிட் அப்பாயின்ட் ஸோ.’ ஆமாம், அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தார் என்கிறான். கேள்வியில் ‘டூ’வே இல்லை, ‘கோஸ்’ நேராக முன்னால் வந்துவிட்டது. பதிலின் முதல் ‘டஸ்’, ‘கோஸ்’ என்பதைத் திரும்பச் சொல்லாமல் இருக்க அதற்குப் பதிலாக வந்தது. அடுத்த ‘டிட்’ இருந்தாலும் எடுத்தாலும் பொருள் பெரிதாக மாறாது. இன்றைய விடைத்தாளில் ஒரு மாணவன் ‘கோஸ் த கிங்?’ என்று எழுதினால் நாம் வட்டம் போடுவோம்.

பைபிள் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு உதாரணம் காட்டலாம். 1611இல் வந்த ஆங்கில பைபிளில், காட்டுப் பூக்களைப் பற்றிய வசனத்தில், ‘தே டாயில் நாட், நெய்தர் டூ தே ஸ்பின்’ என்று வரும். முதல் பாதியில் பழைய மறுப்பு, இரண்டாம் பாதியில் ‘டூ’. தமிழில் ‘உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை’ என்று இரண்டும் ஒரே அச்சில் வந்துவிட்டன.

இதில் எது எப்போது மாறியது என்று 1953இல் ஆல்வார் எல்லேகோர்டு என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஏராளமான நூல்களை எடுத்துவைத்துக்கொண்டு எண்ணியே பார்த்துவிட்டார். ‘டோன்ட் யூ’ மாதிரியான மறுப்புக் கேள்விகளில் ‘டூ’ முதலில் வேரூன்றியது. சாதாரண மறுப்பு வாக்கியம் கடைசியாகத்தான் வழிக்கு வந்தது. அதிலும் ‘நோ’ போன்ற சில வினைகள் பிடிவாதமாக நின்றன. அதனால்தான் ‘ஐ நோ நாட்’ இன்றுவரை காதில் விழுகிறது. கேள்வியும் மறுப்பும் இல்லாத வாக்கியத்தில் வந்த ‘டூ’ மட்டும் 16ஆம் நூற்றாண்டில் உச்சிக்குப் போய்விட்டு இறங்கிவிட்டது. 1711இல் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் இந்த வெற்றுச் சொற்களைக் கிண்டல் செய்து ஒரு வரி எழுதினார். அந்த வரிக்குள்ளேயே தேவையில்லாத ஒரு ‘டூ’வைச் செருகியும் வைத்தார், குசும்பு! 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியோடு சேர்த்த இலக்கணத்தில், ‘ஐ லவ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஐ டூ லவ்’ என்பது கெட்ட வழக்கு என்றே எழுதிவிட்டார். அழுத்திச் சொல்லும்போது மட்டும் அது தப்பிப் பிழைத்தது. ‘ஐ டூ நோ’ என்றால் ‘எனக்குத் தெரியும்தான்’ என்கிறோமே, அந்தத் ‘தான்’.

அழுத்தம் இல்லாத பழைய ‘டூ’வைப் பார்க்க வேண்டுமானால் நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திறக்கலாம். பதவியேற்பு உறுதிமொழியின் ஆங்கில வடிவம் ‘டூ ஸ்வேர்’ என்றுதான் போகிறது. தமிழில் ‘உறுதி கூறுகிறேன்’ என்று ஒரே வீச்சில் முடிந்துவிடும்.

சரி, இவ்வளவு குழப்பத்தில் கேள்வியில் மட்டும் ‘டூ’ ஏன் ஜெயித்தது? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் தேய்ந்துபோன பிறகு யார் செய்தவர், யார் செயப்பட்டவர் என்பதை வரிசைதான் சொல்ல வேண்டியிருந்தது. ‘சா ஜான் மேரி?’ என்று வினையைத் தூக்கி முன்னால் போட்டால் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. யார் யாரைப் பார்த்தது? ‘டிட் ஜான் சீ மேரி?’ என்றால் சிக்கல் இல்லை. கேள்விக்கான அடையாளத்தை ‘டிட்’ சுமக்கிறது, மற்ற வரிசை குலையவில்லை. தமிழில் ‘மேரியை’ என்ற ஒரு ‘ஐ’ போதும், சொற்களை எப்படி வேண்டுமானாலும் புரட்டிப் போடலாம். நமக்குத் தேவைப்படாத ஒரு கருவியை ஆங்கிலம் ஏன் உருவாக்கிக்கொண்டது என்பது இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்கு விளங்கும். இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் வகுப்பில் சொல்ல இதைவிட எளிய காரணம் இல்லை.

இனி நான் முக்கியமாக நினைப்பது. மறுப்பு வாக்கியத்தைக் கற்பிக்கும்போது தமிழை வெளியே நிறுத்தாதீர்கள். ‘போனான்’ என்ற சொல்லில் இறந்தகாலமும் இருக்கிறது, ‘ஆன்’ என்று ஆளைக் காட்டும் விகுதியும் இருக்கிறது. மறுத்துச் சொன்னால் ‘போகவில்லை’. ‘போக’வில் காலமும் இல்லை, ஆளும் இல்லை, வினை மொட்டையாக நிற்கிறது. எந்தப் பிள்ளையாவது ‘அவன் போனான்வில்லை’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ‘டிடின்ட் வென்ட்’ என்பது கிட்டத்தட்ட அதுதான். ‘வென்ட்’டில் இருந்த இறந்தகாலம் ‘டிட்’டுக்குப் போய்விட்டது, மிச்சம் மொட்டையாக ‘கோ’. ‘கோஸ்’இல் இருந்த ‘ஸ்’ கழன்று ‘டஸ்’இல் ஒட்டிக்கொண்டது, அங்கேயும் மிச்சம் ‘கோ’. இதை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். பல பிள்ளைகள் அடுத்த வாக்கியத்தைத் தாங்களாகவே சரியாகச் சொன்னார்கள்.

வரலாற்றிலும் தமிழ் இதே பாதையில் நடந்திருக்கிறது. அப்பர் ‘நமனை அஞ்சோம், நரகத்தில் இடர்ப்படோம்’ என்றார். ஒரே சொல்லுக்குள் மறுப்பு அடங்கிவிட்டது. இன்று நாம் ‘அஞ்ச மாட்டோம்’ என்று துணைவினை சேர்க்கிறோம். ‘அறியேன்’ போய் ‘அறிய மாட்டேன்’, ‘அறியவில்லை’ வந்தன. ‘ஐ நோ நாட்’ போய் ‘ஐ டோன்ட் நோ’ வந்ததும் இந்த ஜாதிதான்.

அர்த்தமில்லாத துணைவினையும் நமக்குப் புதிதல்ல. ‘மிஸ் பண்ணிட்டேன்’, ‘ட்ரை பண்றேன்’, ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று பிள்ளைகள் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். அந்தப் ‘பண்ணு’வில் என்ன செயல் இருக்கிறது? காலத்தையும் விகுதியையும் தாங்குவதற்கு ஒரு தமிழ் வினை வேண்டும், அவ்வளவுதான். ‘டூ’வின் வேலையை விளக்க இதைவிட நல்ல உதாரணம் ஆங்கிலப் பாடநூலில் கிடைக்காது.

பாடத்திட்டமே வழிந்து கிடக்கிறது, மொழி வரலாறு கல்லூரிக்குத்தானே என்று நீங்கள் சொல்லலாம். ராஜராஜன் முதல் ஜான்சன் வரை எல்லாவற்றையும் ஆறாம் வகுப்பில் நடத்தச் சொல்லவில்லை. ‘கோஸ் த கிங்?’ என்று எழுதினால் மதிப்பெண் போடுங்கள் என்றும் கேட்கவில்லை. அது அன்றைய இலக்கணம், தேர்வு இன்றைய இலக்கணத்துக்கு. அதோடு, ‘யூ வான்ட் வாட்?’ என்று எழுதும் பிள்ளை ஷேக்ஸ்பியரைப் பின்பற்றவில்லை, தமிழில் போலக் கேள்விச்சொல்லை முன்னால் கொண்டுவராமல் யோசிக்கிறது. அதற்கான மருந்து வேறு.

நான் கேட்பவை சிறியவை. பாடநூலில் ‘டூ’ அறிமுகமாகும் பக்கத்தில் ‘செய்’ என்ற பொருளுக்குப் பக்கத்திலேயே, கேள்வியிலும் மறுப்பிலும் இதற்குத் தனிப்பொருள் இல்லை என்று ஒரு வரி அச்சிடுங்கள். ‘போனான், போகவில்லை’ ஒப்பீட்டை ஆசிரியர் கையேட்டில் சேருங்கள். வாக்கியத்தைக் கேள்வியாக மாற்று என்று பத்து வாக்கியம் கொடுக்கும் பயிற்சியில் இரண்டைக் குறைத்துவிட்டு, ‘கோஸ்’இன் ‘ஸ்’ எங்கே போனது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். மேல்வகுப்பில் மக்பெத் பாடமாக இருக்குமானால் லெனாக்ஸும் மக்பெத்தும் பேசும் அந்த இரண்டு வரியைச் சுருக்கத்தில் வெட்டிவிடாதீர்கள்.

விடைத்தாள் திருத்துகிறவர்களிடம் ஒன்று கூடுதலாக. ‘டிட் யூ வென்ட்?’ என்று எழுதிய பிள்ளைக்கு ‘டிட்’ எங்கே வர வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது, பாதிக்கு மேல் வந்துவிட்டது. மொத்த வாக்கியத்தையும் வட்டமிடாமல் ‘வென்ட்’டை மட்டும் அடித்து மேலே ‘கோ’ என்று எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு நடத்தும் ஒருவன்