நாலு செக்கன்

கிளிநொச்சி
மார்கழி, ஞாயிறு இரவு

மச்சான்,

சுகம்தானே? உன் கடைசிக் கடிதத்துக்கு மறுமொழி எழுதாமல் ஆறு மாதம் இழுத்துவிட்டேன். ஏசுவதென்றால் இதை முழுக்க வாசித்துவிட்டு ஏசு. இங்கே மாரி நன்றாகப் பெய்து இரணைமடுக் குளம் நிரம்பிவிட்டது. அம்மாவின் முழங்கால் நோ பரவாயில்லை. மில்லடி அண்ணை இன்னும் அந்த மஞ்சள் சைக்கிளின் காசைக் கேட்கிறார். உன் டொரன்டோ விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன், கவனமாக இரு.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன வருடம் நிறம் திருத்தித் தரச் சொல்லி உனக்கு அனுப்பினேனே, அந்த விவரணப்படம். 2017 பெப்ரவரி 20இல் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தில் குந்தினார்கள். அன்றிலிருந்து அந்தக் கொட்டிலுக்கு வந்துபோகும் ஒரு அம்மா அதில் கதைக்கிறார். கமராவுக்கு முன்னால் இருக்க முதலே ஒன்று கேட்டார்: "என்ர முகம் வரக்கூடாது தம்பி. வீட்டில இன்னொரு பிள்ளை இருக்கு." நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

அவர் வரும் துண்டுகள் 37. ஒவ்வொன்றிலும் முகத்தைச் சுற்றி மாஸ்க் கீறி, தலை அசையும் பக்கமெல்லாம் அதுவும் போகிற மாதிரி ட்ராக் பண்ணி, முகம் மங்கப் பிளர் வைத்தேன். வேலை முடிந்ததும் லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்ப் போட்டுக் காட்டினேன். 31ஆவது நிமிடம், மகனின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைக்கும் இடம். முகம் அப்படியே தெரிந்தது. நாலு செக்கன்தான். அவர் கத்தவில்லை. கையை நீட்டி, திரையில் இருந்த தன் முகத்தை உள்ளங்கையால் மூடினார். "இது நான்தானே" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விடிய விடிய, துண்டுகளை அடுக்கியிருந்த ரைம்லைனைத் தோண்டினேன். காரணம் ஒரு வெட்டு. கடைசி இரவு அது துள்ளுகிற மாதிரித் தெரிந்ததால், அதை மூட மூலக் காட்சியிலிருந்து ஒரு சின்னத் துண்டைப் புதிதாக இழுத்துப் போட்டிருக்கிறேன். நான் எடிட் பண்ணும் பிறீமியர் மென்பொருளில், பிளர் மாதிரி எந்த எஃபெக்டும் வழக்கமாக ரைம்லைனில் கிடக்கும் துண்டில்தான் ஒட்டியிருக்கும், மூலக் காட்சியில் ஒட்டாது. அதே காட்சியைத் திரும்ப இழுத்தால் வெறுமையாகத்தான் வந்து விழும்.

அப்போ ஏன் கண்ணில் படவில்லை என்று கேட்பாய். துண்டின் மூலையில் எஃப்எக்ஸ் என்று ஒரு சின்ன அடையாளம் இருக்குமே, ஒன்றும் போடாவிட்டால் சாம்பல், எஃபெக்ட் போட்டால் ஊதா. அதை நம்பித்தான் இருந்தேன். ஆனால் படம் முழுவதற்கும் நிறம் திருத்தியிருந்தோம், அந்தப் புதுத் துண்டுக்கும் சேர்த்து. ஆகவே 38 துண்டும் ஊதா. ஏதோ ஒரு எஃபெக்ட் இருக்கிறது என்று மட்டும்தான் அந்த நிறம் சொல்லும், எது என்று சொல்லாது. பிளர் உள்ளதும் இல்லாததும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நிறத்தில் கிடந்தன மச்சான். எத்தனை தரம் அதைத் தாண்டிப் போயிருப்பேன்!

பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன். அவருடைய மூலக் காட்சிகளுக்கு மாம்பழ நிற லேபல் போட்டேன். இனி அங்கிருந்து எதை இழுத்தாலும் அந்த நிறத்தோடு வரும், ஒரு நிறத்தை ஒரே தரத்தில் தெரிவு செய்து எண்ணிப் பார்க்கலாம். ஒரு கொப்பியில் எந்த நிமிடத்தில் என்ன எஃபெக்ட், ஏன் போட்டது என்று எழுதி வருகிறேன். மூலக் காட்சியிலேயே எஃபெக்ட் வைக்கலாம், அப்படி வைத்தால் எஃப்எக்ஸ் அடையாளத்தின் கீழே சிவப்புக் கோடு விழும். அதையும் செய்து பார்த்தேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. யாராவது ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடுகிற பொருளை நம்பி ஒரு தாயின் முகத்தை விடலாமா?

அதனால் அவருடைய காட்சிகளை மட்டும் தனியே எடுத்து, முகத்தை மறைத்தபடியே புதிய கோப்புகளாக எக்ஸ்போர்ட் பண்ணினேன். புரொஜெக்டில் இப்போது அவைதான் இருக்கின்றன. இனி எந்த எஃபெக்டைக் கழற்றினாலும் முகம் வராது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். நிறத்துக்கும் வடிவுக்கும் போடுகிற எஃபெக்ட் தவறினால் படம் கொஞ்சம் கெடும், அவ்வளவுதான். இது தவறினால் அப்படியா?

போன புதன்கிழமை திரும்பப் போய்ச் சொன்னேன். பிளேன்ரீ தந்தார். கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பழைய படம் இப்ப எங்கயெல்லாம் இருக்கு?" கமராவின் மெமரிக் கார்டை அவர் முன்னாலேயே அழித்தேன். எடிட்டுக்காக எடுத்த சின்னப் பிரதிகள் கிடந்த புரொக்ஸிக் கோப்புறையிலும் முகம் இருந்தது, அதுவும் போய்விட்டது. மிச்சம் இருப்பது உன்னுடைய ஹாட் டிஸ்க் மட்டும்தான்.

இன்றைக்கே தேடி அழித்துவிடு. பக்அப் ஏதும் எடுத்திருந்தால் அதையும் அழி. முடித்ததும் ஒரு வரி எழுது, அதைக் கொண்டுபோய் அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.

உன்
மச்சான்